சொந்தத் தளத்தில் சமூக ஊடகம்: எதை உள்ளே விடுவது, எதை வாசலோடு நிறுத்துவது

கேள்வி | 6 டிசம்பர் 2025

சொந்த டொமைனில் ஒரு வேர்ட்பிரஸ் தளம். கட்டுரைகளும் புகைப்படங்களும் போடுகிறேன். தலைப்பு, முகவரி எல்லாம் தமிழ்தான். பகிர் பட்டன்களுக்கு ஒரு பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணைநிரல்). பதிவின் அடியில் ஃபேஸ்புக் லைக், ஃபேஸ்புக் கமெண்ட். ஓரத்தில் இன்ஸ்டாகிராம் படங்கள், எக்ஸ் டைம்லைன். இப்போது டைம்லைன் வெறுமையாக நிற்கிறது, இன்ஸ்டா படங்கள் ஒரு வருடமாக மாறவில்லை. வாட்ஸப்பில் லிங்க் போட்டால் படம் வருவதில்லை. லிங்கும் நாலு வரிக்குச் சதவீதக் குறிகளாக ஓடுகிறது. பக்கம் திறக்கவும் நேரமாகிறது. காசு கொடுத்து வேறு பிளகின் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

6 டிசம்பர், இரவு

வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் தனித்தனி. பாதிக்கு மேல் எந்தப் பிளகினாலும் சரிசெய்ய முடியாதவை, ஏனென்றால் அந்தப் பக்கத்துக் கதவையே மூடிவிட்டார்கள்.

எக்ஸ் டைம்லைன்: 2023-இல் இலவச ஏபிஐயை (மற்ற மென்பொருள்கள் தரவு கேட்டு வாங்கும் வழி) நிறுத்திய பிறகு, லாகின் செய்யாத வாசகருக்கு அந்தப் பெட்டி பெரும்பாலும் வெறுமையாகவோ பழைய பதிவுகளோடோதான் தெரிகிறது. எடுத்துவிடுங்கள்.

இன்ஸ்டா: பழைய பிளகின்கள் நம்பியிருந்த பேசிக் டிஸ்ப்ளே ஏபிஐ 2024 டிசம்பர் 4-இல் மூடப்பட்டது. உங்கள் பிளகின் கடைசியாகச் சேமித்து வைத்ததையே காட்டிக்கொண்டிருக்கிறது. "ஒரு வருடமாக" என்று நீங்கள் சொல்லும் கணக்கும் அதோடு சரியாகப் பொருந்துகிறது.

ஃபேஸ்புக் லைக், கமெண்ட்: வெளித்தளங்களுக்கான இந்த இரண்டையும் 2026 பிப்ரவரி 10-இல் நிறுத்துவதாக மெட்டா அறிவித்திருக்கிறது. அன்றைக்குப் பக்கம் உடையாது; அந்த இடம் பூஜ்யம் பிக்சலாகச் சுருங்கிக் காணாமல் போகும். பட்டன் போனால் போகட்டும். கமெண்டுகள்தான் கவலை. அவை உங்கள் டேட்டாபேஸில் இல்லை, ஃபேஸ்புக்கிடம் இருக்கின்றன. பிப்ரவரிக்குள் உட்கார்ந்து, முக்கியமானவற்றைக் கையால் நகலெடுத்து, எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வேர்ட்பிரஸின் சொந்தக் கமெண்டாகச் சேர்த்துவிடுங்கள். பிரவுசரில் பக்கத்தைச் சேமித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கமெண்ட் ஐஃப்ரேமுக்குள் (வேறு தளத்தின் பக்கத்தைக் காட்டும் பெட்டி) இருப்பதால் நம்ப முடியாது.

மிச்சம் இருப்பது வாட்ஸப் படமும் நீள லிங்க்கும். இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. நாளை எழுதுகிறேன்.

7 டிசம்பர்

வாட்ஸப் அட்டை.

லிங்க்கோடு வரும் படம், தலைப்பு, இரண்டு வரி விளக்கம் எல்லாம் பக்கத்தின் எச்டிஎம்எல்லில் மறைவாக இருக்கும் ஓப்பன் கிராஃப் (சுருக்கமாக ஓஜி) மெட்டா டேக்குகளிலிருந்து வருபவை. ஃபேஸ்புக் 2010-இல் கொண்டுவந்த முறை. இன்று டெலிகிராம், லிங்க்டின், வாட்ஸப் எல்லாமே அதைத்தான் படிக்கின்றன. கட்டாயமானவை நான்கு: ஓஜி டைட்டில், ஓஜி டைப், ஓஜி இமேஜ், ஓஜி யுஆர்எல். இவற்றோடு ஓஜி டிஸ்கிரிப்ஷனையும் சேருங்கள். எக்ஸுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: ட்விட்டர் கார்டு என்ற டேக்கில் "சம்மரி லார்ஜ் இமேஜ்". மற்ற விவரங்களை எக்ஸ் ஓஜியிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

படம் வராததற்கு வழக்கமான காரணங்கள், அடிக்கடி நிகழும் வரிசையில்:

படத்தின் முகவரி "/படங்கள்/..." என்று பாதியில் தொடங்குகிறது. எச்டிடிபிஎஸ்ஸோடு தொடங்கும் முழு முகவரி வேண்டும்.

படம் கனமாக இருக்கிறது. ஃபேஸ்புக் 8 எம்பி வரை ஏற்கும். வாட்ஸப் அப்படியல்ல, 600 கேபிக்குள் இருக்க வேண்டும். கேமராவிலிருந்து வந்த படத்தையே சிறப்புப் படமாக வைத்தால் 4 எம்பி இருக்கும். ஃபேஸ்புக்கில் வரும், வாட்ஸப்பில் வராது. உங்கள் வழக்கு இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. 1200 x 630 பிக்சல், ஜேபெக், தரம் 75 வைத்தால் பெரும்பாலும் 150 கேபிக்குள் அடங்கிவிடும். எஸ்விஜி வேண்டாம்.

டேக்குகள் ஜாவாஸ்கிரிப்டால் பிறகு சேர்க்கப்படுகின்றன. அட்டை தயாரிக்கும் ரோபோக்கள் ஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல்லில் இருந்தால்தான் உண்டு. "பேஜ் சோர்ஸ்" திறந்து தேடுங்கள். இன்ஸ்பெக்ட் வேண்டாம், அது ஸ்கிரிப்ட் ஓடிய பிறகான நிலையைக் காட்டி ஏமாற்றும்.

பக்கத்தின் தொடக்கப் பகுதியான ஹெட்டின் மேலே யாரோ ஒரு மலை அளவு ஸ்டைலைக் கொட்டியிருக்கிறார்கள். வாட்ஸப் பக்கத்தின் முதல் 300 கேபியைத்தான் பார்க்கும். மெட்டா டேக்குகள் ஹெட் திறந்ததுமே வரட்டும்.

ரோபோ தடுப்பு. ஹோஸ்டிங்கிலோ சிடிஎன்னிலோ (தளத்தின் நகலை வேகமாக வழங்கும் இடைச் சர்வர்கள்) "பாட் பாதுகாப்பு" என்று எதையாவது முடுக்கிவிட்டிருந்தால், அட்டைக்காக வருபவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

எஸ்இஓ (தேடுபொறிக்கான) பிளகின் ஒன்று ஓஜி எழுதுகிறது, பகிர் பிளகின் இன்னொன்றை எழுதுகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு ஓஜி இமேஜ். ஒன்றை அணையுங்கள்.

7 டிசம்பர், சற்று கழித்து

விட்டுப்போனது. ஓஜி இமேஜோடு அகலம், உயரம் இரண்டையும் தனி டேக்காக எழுதுங்கள். இல்லையென்றால் ஃபேஸ்புக்கில் முதலில் பகிர்பவருக்குப் படம் இல்லாமல் போகலாம். அது படத்தைப் பின்னால்தான் தரவிறக்கி அளக்கிறது.

9 டிசம்பர் (கேள்வி கேட்டவர்)

படத்தைச் சிறிதாக்கினேன், பழைய படமற்ற அட்டையே வருகிறது.

9 டிசம்பர்

கேஷ், அதாவது முன்பே சேமித்த நகல். ஃபேஸ்புக்குக்கு ஷேரிங் டீபக்கர் என்ற பக்கம் உண்டு. முகவரியைப் போட்டு "ஸ்க்ரேப் அகெய்ன்" அழுத்துங்கள். லிங்க்டினுக்கு போஸ்ட் இன்ஸ்பெக்டர். டெலிகிராமில் வெப்பேஜ்பாட் என்ற பாட்டுக்கு லிங்க்கை அனுப்பினால் புதுப்பிக்கும்.

வாட்ஸப்பின் முறை வேறு. அட்டையைத் தயாரிப்பது அனுப்புபவரின் செயலிதான், லிங்க்கை ஒட்டிய அந்த நொடியில். அது செய்தியின் பகுதியாகவே போய்ச் சேர்கிறது. ஆகவே ஏற்கெனவே போன செய்திகளின் அட்டை மாறாது. ஃபார்வர்டு ஆகும்போதும் பழையதே போகும். சோதிக்க, முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஏதாவது எண் சேர்த்து ஒட்டுங்கள். புதிய முகவரி என்பதால் புதிதாகத் தேடும். அதில் படம் வந்துவிட்டால் உங்கள் பக்கம் சரி.

படத்தையே மாற்றினால் கோப்புப் பெயரையும் மாற்றுங்கள். பழைய பெயரிலேயே புதுப் படத்தை ஏற்றினால் ஃபேஸ்புக் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

10 டிசம்பர்

இனி நீள லிங்க். ஆங்கில வழிகாட்டிகளில் ஒரு வரிகூட இதைப் பற்றி இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாக.

தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 3 பைட். முகவரியில் ஒரு பைட்டை எழுத மூன்று எழுத்து வேண்டும்: ஒரு சதவீதக் குறி, அதன் பின் இரண்டு இலக்கம். ஆக ஒரு குறிக்கு 9. "பொங்கல்-வாழ்த்து" என்ற முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல்: ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி. ஏழு. வாழ்த்து எட்டு. பதினைந்து ஒன்பது 135, நடுக்கோடு ஒன்று, மொத்தம் 136. கண்ணுக்கு நடுக்கோட்டோடு சேர்த்து ஒன்பது எழுத்து, ஒட்டினால் 136.

அழகு கெடுவது மட்டுமல்ல. வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் பதிவின் முகவரிப் பெயருக்கான இடம் 200 எழுத்து. அதில் சதவீத வடிவத்திலேயே சேமிக்கிறது. 200-ஐ 9-ஆல் வகுத்தால் 22 குறி. அதைத் தாண்டிய தலைப்பு பாதியில் வெட்டப்படும். உங்கள் தளத்தில் முகவரிகள் சொல்லின் நடுவில் நின்றுபோயிருந்தால் காரணம் இதுவே.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. "பொ" என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சர்வருக்கு இரண்டு வெவ்வேறு முகவரி. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கே தமிழ்ப் பெயரில் கோப்பு வைத்து நிலையான தளம் (வெறும் கோப்புகளாலான தளம்) உருவாக்கி லினக்ஸ் சர்வரில் ஏற்றினால், பக்கம் இருக்கும், ஆனால் விசைப்பலகையில் அடித்த முகவரி 404 (பக்கம் இல்லை என்ற பிழை) தரும். கொ, கோ, கௌ வரும் பெயர்களில் மட்டும் பிழை வருகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்த்த) வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

என் பரிந்துரை: தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரி சுருக்கமான ரோமன் எழுத்தில் அல்லது எண்ணில் இருக்கட்டும். தமிழ் முகவரியை விட மனமில்லாதவர்கள் இரண்டு சொல்லுக்குள் நிறுத்துங்கள்.

11 டிசம்பர்

நேற்றைய பரிந்துரைக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பதிவுகளின் முகவரியை ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். "போஸ்ட்" வகைக்கு வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்துத் தானே திருப்பிவிடும். "பேஜ்" வகைக்குச் செய்யாது. அவற்றுக்கு நீங்களே ரீடைரக்ட் எழுத வேண்டும். பதிவுகளை ஊர் முழுக்கப் பகிர்ந்தாயிற்று என்றால் பழையதை அப்படியே விட்டுவிட்டு, இனி வருவதை மட்டும் சுருக்கமாக வைப்பதுதான் நல்லது. சதவீதக் குறி பார்க்க அசிங்கம்தான், ஆனால் செத்த லிங்க்கைவிட மேல்.

13 டிசம்பர்

பகிர் பட்டன். இதற்குப் பிளகின் தேவையே இல்லை. பட்டன் என்பது ஒரு சாதாரண லிங்க். ஸ்கிரிப்ட் பூஜ்யம், குக்கி பூஜ்யம்.

வாட்ஸப்: டபிள்யூஏ.மி (wa.me) என்ற தளத்தின் முகப்பு, கேள்விக்குறி, "டெக்ஸ்ட்" என்ற பெயரில் தலைப்பும் லிங்க்கும் ஒன்றாக. டெலிகிராம்: டி.மி (t.me) தளத்தில் ஷேர்/யுஆர்எல், அதற்கு "யுஆர்எல்", "டெக்ஸ்ட்" இரண்டும் தனித்தனி. எக்ஸ்: இன்டென்ட்/ட்வீட், அதுவும் இரண்டும். ஃபேஸ்புக்: ஷேரர்.பிஎச்பி, "யு" என்ற ஒன்றே ஒன்று. தலைப்பை நீங்கள் கொடுத்தாலும் கண்டுகொள்ளாது, ஓஜியிலிருந்துதான் எடுக்கும். எக்ஸ் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கை: இன்டென்ட்/கம்போஸ், "டெக்ஸ்ட்" மட்டும். இன்ஸ்டாகிராமுக்கு இப்படியொரு முகவரி கிடையாது. அந்தப் படக்குறியைப் பகிர் வரிசையில் வைக்காதீர்கள், பின்தொடர் வரிசையில் வையுங்கள்.

அதே வகையான மாஸ்டோடானுக்கு ஒரே முகவரி இல்லை, ஆளுக்கொரு சர்வர். வாசகரிடம் சர்வர் பெயரைக் கேட்டு, அவருடைய பிரவுசரிலேயே லோக்கல் ஸ்டோரேஜில் வைத்து, அந்த சர்வரின் "/ஷேர்" பக்கத்துக்கு அனுப்புங்கள்.

கெடும் இடம் ஒன்றுதான்: குறியாக்கம், அதாவது சிறப்புக் குறிகளைச் சதவீத வடிவில் எழுதுவது. தலைப்பில் "&" இருந்தால் அங்கேயே செய்தி அறுந்துவிடும்; "#" இருந்தால் அதற்குப் பின் உள்ளது எல்லாம் போச்சு. ஜாவாஸ்கிரிப்டில் என்கோட்-யுஆர்ஐ-காம்போனன்ட் பயன்படுத்துங்கள். என்கோட்-யுஆர்ஐ என்று குட்டையாக ஒன்று இருக்கிறதே, அது இந்த இரண்டு குறியையும் தொடாது. பிஎச்பியில் ரா-யுஆர்எல்-என்கோட். ஏற்கெனவே சதவீத வடிவில் உள்ள முகவரியை மறுபடி குறியாக்குவதும் தவறில்லை, அது அப்படித்தான் போக வேண்டும். ஒரே ஒரு முறை மட்டும். வாசகருக்குப் போய்ச் சேர்ந்த லிங்க்கில் %25 என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால் எங்கோ இரண்டு முறை செய்திருக்கிறீர்கள்.

13 டிசம்பர், இரவு (வேறொரு வாசகர்)

செல்பேசியின் சொந்தப் பகிர் பலகையைத் திறக்கலாமே? ஒரே பட்டன் போதுமே?

14 டிசம்பர்

போதும், அதுதான் நல்லதும்கூட. அதற்கான ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை நேவிகேட்டர்.ஷேர். ஆண்ட்ராய்டு குரோமில் 2017-இலிருந்து, சஃபாரியில் 2019-இலிருந்து இருக்கிறது. நான்கு நிபந்தனை:

தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். வாசகர் தட்டிய தட்டலிலிருந்து நேரடியாக அழைக்க வேண்டும். தட்டிய பிறகு சர்வரிடம் எதையோ கேட்டு, பதில் வர நேரமாகி, அதன் பின் அழைத்தால் பிரவுசர் மறுத்துவிடும். வாசகர் பலகையைத் திறந்து மூடிவிட்டால் "அபார்ட் எரர்" வரும். அது பிழையல்ல, அதற்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டாதீர்கள். கடைசியாக, ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே லிங்க் திறப்பவருக்கு ஆண்ட்ராய்டில் இது கிடைக்காது. கணினி ஃபயர்ஃபாக்ஸிலும் இயல்பாக இல்லை. அதனால் முதலில் எச்டிஎம்எல்லில் சாதாரண லிங்க்குகளை வையுங்கள். நேவிகேட்டர்.ஷேர் இருப்பதை ஸ்கிரிப்ட் கண்டால் அவற்றை மறைத்து ஒற்றைப் பட்டனைக் காட்டட்டும். தலைகீழாகச் செய்தால் ஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் ஒன்றுமே இருக்காது.

"லிங்க்கை நகலெடு" பட்டன் ஒன்றும் சேருங்கள். நம் வாசகர்கள் வாட்ஸப் குழுவில் ஒட்டுவதற்கு அதைத்தான் தேடுவார்கள். நகலெடுக்கும்போது முகவரிப் பட்டையில் உள்ளதை அல்ல, கெனானிக்கல் முகவரியை (பக்கத்தின் அதிகாரபூர்வ, வாலில்லாத முகவரி) கொடுங்கள். ஃபேஸ்புக்கிலிருந்து வந்தவரின் முகவரியில் எஃப்பிகிளிட் என்று ஒரு வால் தொங்கும். அந்த வால் ஆளுக்கு ஆள் வேறு. கேஷ் பிளகின் ஒவ்வொன்றையும் புதுப் பக்கமாக நினைத்து சர்வரை வேலை வாங்கும். பிளகின் அமைப்பில் "புறக்கணிக்க வேண்டிய அளவுருக்கள்" பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

18 டிசம்பர்

பக்கம் மெதுவாகத் திறப்பதற்கு வருவோம். ஒரு யூடியூப் ஐஃப்ரேம் வைத்தாலே வாசகர் பிளே தட்டுவதற்கு முன்பே அரை எம்பிக்கு மேல் ஸ்கிரிப்ட் இறங்குகிறது. ஒரே பதிவில் நாலு வீடியோ இருந்தால் கிராமத்து டேட்டாவில் பக்கம் நகராது.

செய்ய வேண்டியது: முதலில் படம் மட்டும். யூடியூபின் சிறுபடம் "எச்கியூடிஃபால்ட்" என்ற பெயரில் 480 x 360-இல் எப்போதும் இருக்கும். "மேக்ஸ்ரெஸ்டிஃபால்ட்" 1280 x 720, ஆனால் எல்லா வீடியோவுக்கும் இருக்காது. அந்தப் படத்தை உங்கள் சர்வரில் இறக்கி வைத்து, மேலே ஒரு பிளே பட்டன் வைத்து, தட்டியதும் ஐஃப்ரேமை உருவாக்குங்கள். இதற்கென்றே லைட்-யூடியூப்-எம்பெட் என்ற சிறிய திறமூலக் கருவி இருக்கிறது. ஐஃப்ரேமின் முகவரியை யூடியூப்-நோகுக்கி டொமைனுக்கு மாற்றுங்கள். பெட்டிக்கு ஸ்டைலில் 16/9 விகிதம் கொடுத்துவிட்டால் படம் வந்ததும் கீழே உள்ள எழுத்து குதிக்காது.

ஃபேஸ்புக், இன்ஸ்டா, எக்ஸ் பதிவுகளைக் கட்டுரைக்குள் காட்ட வேண்டுமென்றால் இதே வழி. அல்லது இன்னும் எளிது: சொல்லப்பட்டதைப் பிளாக்கோட்டாக (மேற்கோளாக) எழுத்திலேயே கொடுத்து, கீழே லிங்க். பதிவை அவர் அழித்தாலும் உங்கள் கட்டுரை பொத்தலாகாது. பழைய வேர்ட்பிரஸ் பதிவுகளில் ஃபேஸ்புக், இன்ஸ்டா லிங்க் தானாகப் பதிவாக விரிந்ததே, அது 2020 அக்டோபர் 24-க்குப் பின் நின்றுவிட்டது. டோக்கன் (அனுமதிச் சாவி) இல்லாமல் மெட்டா பதில் தருவதில்லை.

வேகம் மட்டும் காரணமல்ல. லைக் பட்டன் இருக்கும் பக்கத்தைத் திறந்தாலே, தட்டாவிட்டாலும், வாசகரின் ஐபியும் எந்தப் பக்கம் என்ற தகவலும் ஃபேஸ்புக்குக்குப் போகும். ஜெர்மனியின் ஃபேஷன் ஐடி என்ற துணிக்கடைத் தளத்தின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலை 29-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: பட்டனைத் தன் தளத்தில் வைத்தவரும், அந்தத் தகவலைச் சேகரித்து அனுப்பும் அளவுக்குக் கூட்டுப் பொறுப்பாளி. ஜெர்மனியில் ஹைஸ பதிப்பகத்தார் 2011-லேயே இரண்டு தட்டல் முறையைக் கொண்டுவந்தார்கள்: முதல் தட்டலில் பட்டன் உயிர்பெறும், இரண்டாவதில் லைக். 2014-இல் அதையும் விட்டு ஷாரிஃப் என்ற, வெறும் லிங்க்காலான பட்டன்களுக்கு மாறினார்கள். நான் 13-ஆம் தேதி சொன்னது அதே தத்துவம்தான். நம் வாசகர்களில் ஐரோப்பாவில் இருக்கும் ஈழத்தமிழர் நிறையப் பேர்; அவர்களுக்காகவாவது இதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

20 டிசம்பர்

18-ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு சேர்க்கை. வாசகரின் தனியுரிமைக்காகச் சிலர் தளம் முழுவதற்கும் "நோ ரெஃபரர்" கொள்கை வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் யூடியூப் பெட்டி "எரர் 153" காட்டி ஓட மறுக்கிறது; எந்தத் தளத்திலிருந்து அழைப்பு வருகிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். அந்த ஐஃப்ரேமுக்கு மட்டும் ரெஃபரர்பாலிசியை "ஸ்ட்ரிக்ட் ஆரிஜின் வென் கிராஸ் ஆரிஜின்" என்று கொடுங்கள். டொமைன் மட்டும் போகும், எந்தப் பதிவு என்பது போகாது.

27 டிசம்பர் (கேள்வி கேட்டவர்)

பிளகின், லைக், டைம்லைன் எல்லாம் எடுத்தாயிற்று. வாட்ஸப் படம் வருகிறது. ஆனால் கமெண்ட் இல்லாமல் பக்கம் வெறிச்சென்று இருக்கிறது. வேர்ட்பிரஸ் கமெண்டில் யாரும் எழுதுவதில்லை, ப்ளூஸ்கையில் மட்டும் பேசுகிறார்கள்.

28 டிசம்பர்

அந்தப் பேச்சையே பதிவின் அடியில் கொண்டுவரலாம். ப்ளூஸ்கையின் பொது ஏபிஐ டோக்கன் கேட்பதில்லை. பதிவை வெளியிட்டதும் ப்ளூஸ்கையில் ஒரு அறிவிப்பு போடுங்கள். அதன் ஏடி முகவரியை (ப்ளூஸ்கை தன் பதிவுகளுக்கு உள்ளுக்குள் வைக்கும் முகவரி) வேர்ட்பிரஸ் கஸ்டம் ஃபீல்டில் (பதிவோடு சேரும் கூடுதல் புலம்) சேமியுங்கள். கெட்-போஸ்ட்-த்ரெட் என்ற அழைப்பு பதில்களை ஜேசனாக (நிரல்கள் படிக்கும் தரவு வடிவம்) தரும். ஏடி முகவரியில் உங்கள் பயனர்பெயரை வைக்காதீர்கள், டிஐடி எண்ணை (கணக்கின் நிலையான அடையாளம்) வையுங்கள். பெயர் நாளைக்கு மாறலாம், டிஐடி மாறாது.

கவனிக்க வேண்டியவை மூன்று. அழிக்கப்பட்ட, தடுக்கப்பட்ட பதில்களும் பட்டியலில் வெற்று உருப்படிகளாக வரும். அவற்றைத் தாண்டிப் போகும்படி எழுதாவிட்டால் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கும். சில பயனர்கள் "லாகின் செய்யாதவருக்கு என்னைக் காட்டாதே" என்று வைத்திருப்பார்கள். ஏபிஐ அதைத் தடுப்பதில்லை, ஒரு லேபிளாக மட்டும் சொல்லும். மதித்து மறைக்க வேண்டியது நம் கடமை. எழுத்தைப் பக்கத்தில் வைக்கும்போது வெறும் எழுத்தாக, அதாவது டெக்ஸ்ட்-கன்டென்ட்டாக வையுங்கள், எச்டிஎம்எல்லாக அல்ல.

மாஸ்டோடானிலும் இதே வழி: பதிவு எண்ணுக்கு "கான்டெக்ஸ்ட்" கேட்டால் பதில்கள் வரும், லாகின் இல்லாமல் 60 வரை. அங்கே எழுத்து எச்டிஎம்எல்லாகவே வருவதால் சுத்தம் செய்யாமல் பக்கத்தில் ஏற்றக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னோடி வெப்மென்ஷன், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2017 ஜனவரியில் பரிந்துரையாக வெளியிட்டது. யாரோ உங்கள் பதிவுக்குத் தன் தளத்தில் லிங்க் கொடுத்தால், அவர் சர்வர் உங்கள் சர்வருக்கு இரண்டே தகவல் அனுப்பும்: எந்தப் பக்கத்திலிருந்து, எந்தப் பக்கத்துக்கு. உங்கள் சர்வர் அங்கே போய் லிங்க் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்கும். வேர்ட்பிரஸுக்குப் பிளகின் இருக்கிறது. பிரிட்ஜி என்ற சேவை ப்ளூஸ்கை, மாஸ்டோடான் பதில்களையும் வெப்மென்ஷனாக மாற்றி அனுப்பும். இதன் பெரிய நன்மை, கமெண்ட் உங்கள் டேட்டாபேஸிலேயே தங்கும். ஃபேஸ்புக் கமெண்டுக்கு வந்த கதி இதற்கு வராது.

3 ஜனவரி 2026

ப்ளூஸ்கை அறிவிப்பைத் தானாகப் போடும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு. தமிழில் மட்டும் லிங்க் இடம் மாறி, எழுத்தின் நடுவில் நீலமாகத் தெரிகிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ப்ளூஸ்கை லிங்க்கைத் தானாகக் கண்டுபிடிக்காது. "இந்தப் பைட்டிலிருந்து இந்தப் பைட் வரை லிங்க்" என்று ஏபிஐயில் நாம்தான் சொல்ல வேண்டும். பைட், எழுத்தல்ல. "புதிய பதிவு: " என்று எழுதி அதன் பின் முகவரி வருகிறது என்று வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் லென்த் என்ன சொல்லும்? புதிய 5, இடைவெளி 1, பதிவு 5, முக்காற்புள்ளி 1, இடைவெளி 1, ஆக 13. யுடிஎஃப்-8 பைட்டில்: 15, 1, 15, 1, 1, ஆக 33. தொடக்கம் 33 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் 13 கொடுத்தால், லிங்க் "பதிவு" என்ற சொல்லுக்கு முன்னேயே, "புதிய"வின் கடைசி எழுத்தைப் பிளந்துகொண்டு தொடங்கும். ஆங்கிலத்தில் இரண்டு கணக்கும் ஒன்றாக இருப்பதால் மாதிரிக் கோடு எழுதியவர்களுக்கு இது தெரியவே வராது. டெக்ஸ்ட்-என்கோடர் வழியாக பைட்டாக மாற்றி அளங்கள்.

அட்டையும் அப்படியே. ஏபிஐ வழியாகப் போட்டால் ஓஜியை ப்ளூஸ்கை தானே படிக்காது. தலைப்பு, விளக்கம், படம் மூன்றையும் நீங்கள் அனுப்ப வேண்டும். படம் 10 லட்சம் பைட்டுக்குள் இருக்கட்டும்.

நீள வரம்பு: ப்ளூஸ்கையில் 300, அது பார்வை எழுத்துக் கணக்கு, "பு" ஒன்றுதான். எக்ஸில் 280, அங்கே "பு" இரண்டு, லிங்க் எவ்வளவு நீளமானாலும் 23. மாஸ்டோடானில் இயல்பாக 500. ஒரே வாசகத்தை மூன்றுக்கும் அனுப்புபவர்கள் எக்ஸ் கணக்கை வைத்து எழுதினால் மற்ற இரண்டிலும் அடங்கும், ஒரு விதிவிலக்கோடு: நீள லிங்க்கை ப்ளூஸ்கையில் அப்படியே எழுதாமல் "வாசிக்க" என்ற சொல்லுக்கு லிங்க் கொடுத்துவிடுங்கள்.

4 ஜனவரி

திருத்தம். நேற்று "கடைசி எழுத்தைப் பிளந்து" என்று எழுதியதைச் சரிபார்த்தேன். "புதிய"வில் "ய" 12-ஆம் பைட்டில் தொடங்கி 14-இல் முடிகிறது, பூஜ்யத்திலிருந்து எண்ணினால். 13 அதன் நடு. ஆகவே சொன்னது சரிதான், ஆனால் உங்கள் வாசகம் வேறாக இருந்தால் பிளவு வேறு இடத்தில் விழும். சில வாசகங்களில் தற்செயலாக எழுத்து எல்லையில் விழுந்து, பிழை கண்ணில் படாமலே போகும். வாசகத்தை மாற்றி மாற்றிச் சோதியுங்கள்.

9 ஜனவரி

ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பை எழுதிய அட்டைப் படத்தைத் தானாகத் தயாரிக்க முடியுமா என்று கேள்வி. முடியும், ஆனால் தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்கத் தெரிந்த கருவி வேண்டும். பிஎச்பியோடு வரும் ஜிடி என்ற படக் கருவியில் "பெயர்" என்று கொடுத்தால் ப முதலில் வந்து, கொம்பு அதற்குப் பின்னால் வந்து நிற்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் போக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. பைத்தானின் பில்லோ என்ற படக் கருவியில் ராக்ம் (எழுத்தைக் கோக்கும் துணைக்கருவி) இருந்தால் சரியாக வரும்; இல்லையென்றால் எந்தப் பிழையும் சொல்லாமல் தப்பாக வரையும், அதனால் ராக்ம் இருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். எச்டிஎம்எல்லைப் படமாக்கும் சடோரியையும் தமிழுக்கு நம்ப வேண்டாம்.

உறுதியான வழி: ஒரு 1200 x 630 எச்டிஎம்எல் பக்கம், அதை ஹெட்லெஸ் குரோமியத்தால் (திரையில்லாமல் ஓடும் பிரவுசர்) ஸ்கிரீன்ஷாட். பிரவுசருக்குத் தமிழ் கோக்கத் தெரியும். சர்வரில் தமிழ் ஃபாண்ட் இல்லையென்றால் பெட்டி பெட்டியாக வரும்; நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவுங்கள். வரி உயரம் 1.4-க்குக் குறைய வேண்டாம், "ஞூ", "ழு" போன்றவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரியில் இடிக்கும். சோதனைக்கு "கொள்கை, நௌகா, ஸ்ரீ, தூது" என்று ஒரு வரி வைத்துப் பாருங்கள். நான்கும் சரியென்றால் மற்றதெல்லாம் சரியாக வரும்.

12 ஜனவரி

சுருக்கமாக இரண்டு, இரண்டும் ஐந்து நிமிட வேலை, இரண்டும் உங்கள் டொமைனுக்கு மதிப்பு சேர்ப்பவை.

ப்ளூஸ்கையில் உங்கள் டொமைனையே பயனர்பெயராக வைக்கலாம். டிஎன்எஸ்ஸில் (டொமைனின் அமைப்புப் பதிவுகள்) "_ஏடிபுரோட்டோ" என்ற பெயரில் ஒரு டிஎக்ஸ்டி பதிவு, மதிப்பு "டிஐடி=" என்று தொடங்கும் உங்கள் எண். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், போலிக் கணக்கு பற்றிய பயமில்லை.

மாஸ்டோடானில் பச்சை டிக்: உங்கள் முகப்பிலிருந்து புரொஃபைலுக்கு "ரெல்=மி" வைத்து ஒரு லிங்க், புரொஃபைலில் உங்கள் தள முகவரி. லிங்க் வைத்த பிறகு புரொஃபைலை மறுபடி சேமிக்க வேண்டும், அப்போதுதான் வந்து பார்க்கும். ஸ்கிரிப்ட் சேர்க்கும் லிங்க் இங்கேயும் செல்லாது.

19 ஜனவரி (கேள்வி கேட்டவர்)

ஃபேஸ்புக் கமெண்டுகளில் 40-ஐ நகலெடுத்துவிட்டேன். இன்ஸ்டா படங்கள் மட்டும் திரும்ப வேண்டும்.

19 ஜனவரி

கணக்கை புரொஃபஷனல் வகைக்கு மாற்றுங்கள், கிரியேட்டர் போதும். தனிநபர் கணக்குக்கு இப்போது வழியில்லை. டெவலப்பர் பக்கத்தில் ஒரு ஆப் உருவாக்கி, நீண்டகால டோக்கன் எடுங்கள். ஆயுள் 60 நாள். எடுத்து 24 மணி நேரம் ஆன பிறகுதான் புதுப்பிக்க முடியும். 60-ஐத் தாண்டினால் புதுப்பிக்கவே முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாரம் ஒருமுறை கிரானில் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலை) புதுப்பித்துவிடுங்கள். ஒருமுறை தவறினாலும் மறுவாரம் பிடித்துக்கொள்ளலாம்.

ஏபிஐ தரும் பட முகவரியை அப்படியே பக்கத்தில் போடாதீர்கள். அது சில நாளில் காலாவதியாகும். அதற்கு முன்பேகூட, வேறு தளத்தில் காட்டத் தடை இருப்பதால் பிரவுசர் படத்தை மறுக்கும். படத்தை உங்கள் சர்வரில் இறக்கி, 400 பிக்சலுக்குச் சிறிதாக்கி, அங்கிருந்து காட்டுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். படங்கள் எடுத்தது நீங்கள். மூலக் கோப்புகள் உங்களிடம் இருக்கின்றன. முதலில் தளத்தில் ஏற்றிவிட்டு, பிறகு அதை இன்ஸ்டாவில் போடலாமே? டோக்கன், கிரான், 60 நாள் கணக்கு எதுவும் வேண்டியதில்லை.

20 ஜனவரி (கேள்வி கேட்டவர்)

அப்படியே செய்கிறேன். பழையவற்றுக்கு இன்ஸ்டாவின் "உங்கள் தகவலைத் தரவிறக்கு" கோரிக்கை கொடுத்திருக்கிறேன்.

20 ஜனவரி

நல்லது. எச்டிஎம்எல், ஜேசன் என்று இரண்டு வடிவம் கேட்கும். இறக்குமதி செய்யப்போகிறீர்கள் என்றால் ஜேசன். அதில் தமிழ் விளக்கங்கள் குழம்பிய லத்தீன் எழுத்துகளாக வந்தால் பயப்படாதீர்கள், தரவு கெடவில்லை. யுடிஎஃப்-8 பைட்டுகளை ஒவ்வொன்றாக லத்தீன்-1 என்ற பழைய குறியாக்கத்தின் குறியாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஜேசனைப் படித்த பிறகு ஒவ்வொரு சரத்தையும் லத்தீன்-1 ஆகப் பைட்டுக்கு மாற்றி, யுடிஎஃப்-8 ஆக மறுபடி படித்தால் தமிழ் திரும்பிவிடும். கோப்பு முழுவதற்கும் ஒரே அடியாகச் செய்யாதீர்கள். முதலில் ஜேசனைப் பிரித்துவிட்டு, சரம் சரமாகச் செய்யுங்கள்.